டிக்கெட்டுப் பணம் யாருடைய சொத்து?

கோ ஃபர்ஸ்ட் என்னும் ஆகாய விமானக் கம்பெனி 2023-ம் வருஷம் மே மாதம் 2-ந் தேதியன்று, தன்னைத் திவால் நடவடிக்கைக்கு உட்படுத்திக்கொள்ள அநுமதி வேண்டுமென்று டில்லியிலுள்ள கம்பெனிச் சட்ட டிரிபியூனலில் மனுச் செய்துகொண்டது. மறுநாளே அதன் விமானங்கள் நின்றுவிட்டன. கோடை விடுமுறைக்காக மாதக் கணக்கில் முன்கூட்டியே பணம் கட்டியிருந்த ஜனங்கள் விமான நிலையங்களின் வாசலில் மூட்டை முடிச்சுகளோடு நின்றார்கள். சிவில் விமானப் போக்குவரத்து டைரக்டர் ஜெனரல் சும்மா இருந்தார் என்று நாம் சொல்லமாட்டோம். பிரயாணிகளின் பணத்தை விதிப்படி திருப்பிக் கொடுத்துவிட வேண்டுமென்று கம்பெனிக்கு அவர் உத்தரவிட்டார். ஆனால் அதே மாதம் 10-ந் தேதி டிரிபியூனல் கம்பெனியின் மனுவை ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்ட அந்தக் கணத்திலிருந்து, கம்பெனியின்மீது யாரும் புதிதாக வழக்குத் தொடுக்கலாகாது, நடந்து வரும் வழக்கையும் மேலே நடத்தலாகாது, பெற்ற டிக்கிரியையும் நிறைவேற்றலாகாது என்ற தடை அமுலுக்கு வந்தது. 2016-ம் வருஷத்துத் திவால் சட்டத்தின் 14-வது ஷரத்து அவ்விதம் விதிக்கிறது. டைரக்டர் ஜெனரலின் உத்தரவு காகிதத்தில் நின்றது. பிரயாணியின் பணம் கம்பெனியின் கடன் பட்டியலில் போய்ச் சேர்ந்தது.

இந்தத் தடையின் நோக்கத்தை நாம் குறை கூறவில்லை. நொடித்துப்போன ஒரு கம்பெனியைக் கடன் கொடுத்தோர் யாவரும் ஏக காலத்தில் பிய்த்துக்கொண்டு போனால், பிழைக்கக்கூடியதும் பிழைக்காமற் போகும். கொஞ்ச காலத்துக்கு எல்லோரும் எட்டி நிற்கட்டும், அதற்குள் யாராவது முதல் போட்டு அதை நடத்த முன்வருகிறார்களா என்று பார்ப்போம் என்பதுதான் சட்டத்தின் யோசனை. எல்லோரையும் எட்டி நிற்கச் சொல்லும் வரையில் அது நியாயமான யோசனையே. அதில் ஒருவருக்கு மட்டும் வழி விட்டு, மற்றவரை வெளியே நிறுத்தும்போதுதான் கேள்வி எழுகிறது. விமான விஷயத்தில் அப்படித்தான் நடந்திருக்கிறது.

கோ ஃபர்ஸ்ட் கம்பெனி நடத்திய 54 விமானங்களும் குத்தகைக்கு எடுத்தவை. இது அந்தக் கம்பெனிக்கு மாத்திரம் உரிய விசேஷமன்று. இந்தியக் கம்பெனிகள் இன்று ஓட்டும் விமானங்களில் முக்காற்பங்குக்கு மேற்பட்டவை பிறருடைய உடைமைகள். 1932-ம் வருஷத்தில் கராச்சியிலிருந்து சென்னை வரையில் தபால் மூட்டை சுமந்துவந்த டாட்டா கம்பெனிக்கு இருந்தவை இரண்டே சிறிய விமானங்கள். இரண்டும் அதன் சொந்தம். இப்பொழுதோ கம்பெனிகள் நூற்றுக் கணக்கில் விமானங்களுக்கு ஆர்டர் கொடுக்கின்றன. விமானம் கைக்கு வந்ததும் அதைக் குத்தகைக் கம்பெனிக்கு விற்றுவிட்டு, அவர்களிடமே வாடகைக்கு எடுத்துக்கொள்கின்றன. இப்படி வாடகைக்கு விடும் பெரிய கம்பெனிகள் பல அயர்லாந்து தேசத்தின் டப்ளின் நகரில் இருக்கின்றன. ஆகையால் இந்தியாவில் ஒரு விமானக் கம்பெனி கவிழ்ந்தால், அதன் சொத்து என்று கண்ணுக்குத் தெரிவதெல்லாம் அதன் சொத்தாக இராது. வாலில் வர்ணம் கம்பெனியுடையது, வால் டப்ளின்காரருடையது.

அந்த டப்ளின்காரரின் கட்சியையும் கேட்க வேண்டும். 2001-ம் வருஷம் தென்னாப்பிரிக்காவிலுள்ள கேப்டவுன் நகரில் பல தேசங்கள் கூடி ஓர் ஒப்பந்தம் செய்தன. ஆகாய விமானம் இன்று ஒரு தேசத்திலும் நாளை மற்றொரு தேசத்திலும் இருக்கும் பண்டம். குத்தகைப் பணம் வராமற்போனால் விமானத்தை எங்கே இருந்தாலும் விரைவில் மீட்டுக்கொள்ளலாம் என்ற உறுதி உடைமையாளருக்கு இருந்தால்தான் அவர் குறைந்த வாடகைக்கு விடுவார். இந்த உறுதியைக் கொடுப்பதே ஒப்பந்தத்தின் சாரம். இந்தியா 2008-ம் வருஷம் அதில் சேர்ந்தது. சேரும்போதே, கம்பெனி திவாலானால் இரண்டு மாதம் பொறுத்திருந்து, அதற்குள் பாக்கி தீராவிட்டால் விமானத்தை உடைமையாளரிடம் ஒப்புவிப்போம் என்று எழுதியும் கொடுத்தது. ஆனால் அந்த வாக்குறுதியை உள்நாட்டுச் சட்டமாகச் செய்யாமலே வருஷங்கள் கடந்தன. 2012-ல் கிங்ஃபிஷர் கம்பெனி நின்றபோது, தங்கள் விமானங்களின் பதிவை ரத்துச் செய்து வெளியே கொண்டுபோக உடைமையாளர்கள் டில்லி ஹைகோர்ட்டின் படியேற வேண்டியிருந்தது. 2015-ல் விதியைத் திருத்தி, உரிய பத்திரத்துடன் கேட்டால் ஐந்து வேலை நாட்களுக்குள் பதிவு ரத்தாகும் என்றார்கள். பிறகு வந்த திவால் சட்டமோ, கம்பெனியின் வசத்திலுள்ள பிறர் சொத்தையும் சொந்தக்காரர் எடுத்துச் செல்லக்கூடாதென்று தடுத்தது. கோ ஃபர்ஸ்ட் விவகாரத்தில் இவ்விரண்டு விதிகளும் முட்டிக்கொண்டன. வாடகையும் வராமல், விமானமும் கிடைக்காமல், உள்ளே உள்ள யந்திரங்கள் என்ன கதியில் இருக்கின்றன என்று பார்க்க அநுமதி கேட்டும் உடைமையாளர்கள் மாதக் கணக்கில் வழக்காடினார்கள். அவர்களுடைய குறை நியாயமானதே. சர்வதேச அரங்கில் கையெழுத்திட்டுக் கொடுத்த வாக்கை நிறைவேற்றாத தேசத்துக்கு வாடகை ஏறத்தான் செய்யும். ஏறிய வாடகையை முடிவில் டிக்கெட் வாங்குகிறவர்தான் கொடுப்பார்.

ஆகவே 2023 அக்டோபர் 3-ந் தேதி இந்திய சர்க்கார் ஓர் அறிவிக்கை வெளியிட்டார்கள். கேப்டவுன் ஒப்பந்தத்துக்குட்பட்ட விமானங்கள், எஞ்சின்கள், ஹெலிகாப்டர்கள் சம்பந்தமான ஏற்பாடுகளுக்குத் திவால் சட்டத்தின் தடை பொருந்தாது என்பது அதன் வாசகம். 2024 ஏப்ரல் 26-ந் தேதி டில்லி ஹைகோர்ட், கோ ஃபர்ஸ்ட்டின் விமானங்களை ஐந்து வேலை நாட்களுக்குள் பதிவிலிருந்து நீக்கும்படி தீர்ப்பளித்தது. 2025-ம் வருஷம் ஏப்ரலில் பார்லிமெண்டின் இரு சபைகளும் விமானப் பொருள்களில் உள்ள உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டத்தை நிறைவேற்றின. மே மாதம் முதல் அது அமுலில் இருக்கிறது. பதினேழு வருஷம் காகிதத்தில் கிடந்த வாக்குறுதிக்கு இப்போது முழுச் சட்ட பலம் வந்துவிட்டது.

இது அந்நியருக்குத் தேசத்தை விற்கும் காரியமென்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். வாடகைக்கு எடுத்த வாகனத்தால் சுதேசித் தொழில் என்ன பாடுபடும் என்பது தமிழ்நாட்டாருக்குப் புதிய பாடமன்று. 1906-ம் வருஷம் தூத்துக்குடியில் வக்கீல் சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியபோது முதலில் பம்பாய்க் கம்பெனி ஒன்றின் கப்பலைத்தான் வாடகைக்கு அமர்த்தினார். வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனியார் கொடுத்த நெருக்கடியால் அந்தக் கப்பல்காரர் வாடகை ஏற்பாட்டை விட்டு விலகினார். கொழும்பிலிருந்து வேறு கப்பல் அமர்த்திச் சமாளித்த பிள்ளையவர்கள், பிறர் கப்பலை நம்பிப் பயனில்லை என்று கண்டு, பங்கு சேர்த்து சொந்தக் கப்பல் வாங்கப் புறப்பட்டார். ஆனால் அந்தக் கதையையும் இன்றைய நிலைமையையும் ஒன்றென்று கருதுவது பிசகு. அன்று வாடகை கொடுக்கத் தயாராக இருந்தும் கப்பல் பறிபோயிற்று. இன்று வாடகை கொடாமலே விமானத்தைப் பிடித்துவைத்திருந்தோம். கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் பிறர் பொருளை வைத்துக்கொள்வது சுதேசியம் ஆகாது. சென்னையைத் தலைமையிடமாகக்கொண்டு 2005-ல் பறக்கத் தொடங்கிய பாரமவுண்ட் கம்பெனியும் 2010-ல் நின்றபோது, உடைமையாளருடன் வழக்கு நடந்துகொண்டுதான் இருந்தது. அதில் யார் பக்கம் நியாயம் என்பது இப்போது நமது விஷயமன்று. விமானம் பிறருடையதானால் வழக்கும் கூடவே வரும் என்பதற்காகவே அதைச் சொன்னோம்.

ஆகையால் உடைமையாளருக்கு வழி திறந்ததில் நமக்கு ஆட்சேபமில்லை. நமது ஆட்சேபம், அவர் ஒருவருக்கே திறந்தது பற்றியது.

முதலில் தொழிலாளரைப் பார்ப்போம். கேப்டவுன் ஒப்பந்தத்தில் சேர்ந்தபோது இந்தியா செய்த பிரகடனங்களில் ஒன்று, ஊழியரின் சம்பள பாக்கிக்கு உடைமையாளரின் உரிமைக்கும் முந்திய பாத்தியதை உண்டு என்பது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எந்தச் சம்பளம்? கம்பெனி குத்தகைப் பணம் தவறியதாக அறிவிக்கப்பட்ட நேரத்துக்குப் பிறகு ஏற்படும் சம்பள பாக்கி மட்டும். விமானக் கம்பெனிகள் நொடிக்கும் விதத்தை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு சிறிய தர்மம் என்பது விளங்கும். கம்பெனி முதலில் பாக்கி வைப்பது டப்ளின்காரரிடம் அன்று. விமானி, பணிப்பெண், மெக்கானிக்கு ஆகியோரிடந்தான். ஜெட் ஏர்வேஸின் கடைசி விமானம் 2019-ம் வருஷம் ஏப்ரல் 17-ந் தேதி இரவு அமிருதசரஸிலிருந்து பம்பாய்க்கு வந்து இறங்கியபோது, அதன் ஊழியர் பலருக்கு முந்திய மாதங்களின் சம்பளமே வரவில்லை. அந்த ஊழியர்கள் தங்கள் பிராவிடெண்ட் பண்டுக்காகவும் கிராஜுவிட்டிக்காகவும் அப்பீல் டிரிபியூனல் வரை போராடி, 2022-ல் முழுத் தொகைக்கும் உத்தரவு பெற்றார்கள். 2023 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் அதில் தலையிட மறுத்தது. சட்டத்தில் ஜெயித்தவர்கள் கையில் பணம் பார்த்தார்களா? கம்பெனியை எடுத்து நடத்துவதாக வந்தவர்கள் ஒப்புக்கொண்டபடி பணம் போடவில்லை. 2024 நவம்பர் 7-ந் தேதி சுப்ரீம் கோர்ட் கம்பெனியையே கலைத்துவிடும்படி உத்தரவிட்டது. ஐந்து வருஷத்துக்கு மேல் காத்திருந்ததன் பலன் அதுவாயிற்று.

ஆயினும் தொழிலாளருக்குப் பட்டியலில் ஓரிடமாவது இருக்கிறது. சொத்தை விற்றுப் பகிரும்போது அவர்களுடைய பாக்கிக்குச் சட்டம் முன்வரிசைகளில் இடம் கொடுத்திருக்கிறது. பிரயாணிக்கு அதுவும் கிடையாது. இக்கட்டுரையில் நாம் முக்கியமாகச் சொல்ல வந்தது அவரைப் பற்றியே.

மதுரையில் ஒரு வாத்தியார், மனைவி மக்களோடு வடக்கே யாத்திரை போவதற்காக நான்கு பேருக்கு டிக்கெட் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாதத்துக்கு முன்பே வாங்கினால் மலிவு என்று கம்பெனி ஆசை காட்டுகிறது. அவரும் நாற்பதினாயிரம் ரூபாய் கட்டுகிறார். அந்தப் பணம் மூன்று மாதத்துக்குக் கம்பெனியின் கையில் இருக்கிறது. அதைக்கொண்டு கம்பெனி எண்ணெய் வாங்குகிறது, வாடகை கொடுக்கிறது, பழைய கடனைத் தீர்க்கிறது. உண்மையில் வாத்தியார் கம்பெனிக்குக் கடன் கொடுத்திருக்கிறார். வட்டியில்லை, ஈடில்லை, கணக்குப் புஸ்தகத்தைக் காட்டச் சொல்லும் உரிமையும் இல்லை. இதே தொகையை ஒரு பாங்கியிடம் கம்பெனி கேட்டிருந்தால் எத்தனை காகிதம், எத்தனை ஜாமீன், எத்தனை கையெழுத்து!

கம்பெனி நொடித்தபின் வாத்தியாரின் நிலை என்ன? அவர் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாமென்றால், திவால் சட்டத்தின் தடை குறுக்கே நிற்கிறது. உடைமையாளருக்காக 2023-ல் விலக்கிய அதே தடை, வாத்தியாருக்கு விலகவில்லை. முன்பணம் கொடுத்தவரும் 'தொழில்வகைக் கடன் கொடுத்தவர்' என்ற இனத்தில் சேருவார் என்று 2022-ம் வருஷம், சென்னை மெட்ரோ ரயில் வேலை சம்பந்தமான ஓர் ஒப்பந்தத்திலிருந்து கிளைத்த வழக்கில், சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்திருக்கிறது. நல்ல தீர்ப்பு, ஆனால் அந்த இனத்தாருக்குக் கடன் கொடுத்தோர் கமிட்டியில் ஓட்டுக் கிடையாது. கமிட்டியில் பாங்கிகள் உட்கார்ந்து கம்பெனியின் தலைவிதியைத் தீர்மானிக்கின்றன. தாமாகவே திவால் மனுப் போட வேண்டுமானால் 2020-ம் வருஷம் முதல் ஒரு கோடி ரூபாய் பாக்கி இருந்தாக வேண்டும். நாற்பதினாயிரம் ரூபாய்க்காரர் இருநூற்றைம்பது பேர் ஒன்றுகூடினால்தான் ஒரு கோடி ஆகும். கடைசியில் சொத்தை விற்றுப் பகிரும்போது, கலைப்புச் செலவு, ஈடு பெற்ற பாங்கிகள், தொழிலாளர், மற்றச் சிப்பந்திகள், ஈடில்லாத பணக்கடன்காரர், சர்க்கார் வரிப் பாக்கி எல்லாம் போக மீந்ததில்தான் அவருக்குப் பங்கு. கோ ஃபர்ஸ்ட் கம்பெனியைக் கலைக்கும்படி 2025 ஜனவரியில் உத்தரவாயிற்று. 54 விமானங்களும் ஏற்கெனவே உடைமையாளரோடு போய்விட்டன. எஞ்சின் செய்து கொடுத்த அந்நியக் கம்பெனியின்மீது தொடுத்திருக்கும் மத்தியஸ்த வழக்கு ஒன்றுதான் பெரிய ஆஸ்தி என்று பேசிக்கொள்ளப்பட்டது. அந்த வழக்கு ஜெயித்து, பணம் வந்து, அத்தனை படிகளையும் தாண்டி மதுரை வாத்தியாரிடம் ஒரு ரூபாய் வந்து சேருமென்று எதிர்பார்ப்பவர் யாரும் இருக்கமாட்டார்.

இந்த வியாபாரத்தில் பிரயாணியைத் தவிர மற்ற எல்லோரும் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளும் வழியை அறிந்திருக்கிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். கார்டு மூலம் டிக்கெட்டுப் பணத்தை வசூலித்துக் கொடுக்கும் பாங்கிகள், கம்பெனி ஆட்டங்காணுகிறது என்று சந்தேகித்தால் ஒரு பகுதியைக் கொடாமல் நிறுத்திவைத்துக்கொள்ளும். சர்வதேச விமானக் கம்பெனிகளின் சங்கம், டிக்கெட் விற்கும் ஏஜெண்டுகளிடம் பாங்கி ஜாமீன் வாங்குகிறது. ஏஜெண்டு பணத்தைக் கட்டாமல் ஓடிவிட்டால் கம்பெனிக்கு நஷ்டம் வரக்கூடாதல்லவா? விமான நிலையத்தாருக்குக் கட்டணம் வராவிட்டால் விமானத்தையே தடுத்து நிறுத்துவார்கள். 2019 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் நகரில் ஜெட் ஏர்வேஸின் பெரிய விமானம் ஒன்றைச் சரக்கு ஏஜெண்டு ஒருவர் பாக்கிக்காகப் பிடித்துவைத்தார். ஏஜெண்டு ஓடினால் கம்பெனிக்கு ஜாமீன் உண்டு. கம்பெனி ஓடினால் பிரயாணிக்கு ஒன்றுமில்லை.

உயிரோடிருக்கும் கம்பெனியிடம் பணத்தைத் திருப்பி வாங்குவது சர்க்காருக்கு ஆகாத காரியமன்று. 2025 டிசம்பரில் இண்டிகோ கம்பெனி, விமானிகளின் ஓய்வு நேரம் பற்றிய புது விதிக்குத் தன்னைத் தயார் செய்துகொள்ளாமல் ஆயிரக் கணக்கில் விமானங்களை ரத்துச் செய்தபோது, சர்க்கார் கெடு வைத்துப் பணத்தைத் திருப்பச் செய்தார்கள். கம்பெனி செத்த பிறகு அதே சர்க்காரின் உத்தரவு செல்லுபடியாவதில்லை. ஆகவே பரிகாரத்தைக் கம்பெனி உயிரோடிருக்கும்போதே செய்து வைக்க வேண்டும்.

பரிகாரம் எங்கோ வெளிதேசத்தில் தேட வேண்டியதுமன்று. இங்கிலாந்தில் 1973 முதல், உல்லாசப் பிரயாண ஏற்பாட்டாளரிடம் விமானமும் விடுதியும் சேர்த்து வாங்குகிறவர்களின் பணத்துக்குப் பாதுகாப்புத் திட்டம் ஒன்று இருக்கிறது. 2019 செப்டம்பரில் தாமஸ் குக் கம்பெனி விழுந்தபோது அத்திட்டம் பெரிதும் பயன்பட்டது. ஆனால் நமக்கு அதைவிட நெருங்கிய உதாரணம் வீட்டிலேயே உண்டு. அடுக்குமாடி வீடு கட்டித் தருவதாகப் பணம் வாங்கி, வேறெங்கோ நிலம் வாங்கிப் போட்டுவிட்டு, வீடும் இல்லை பணமும் இல்லை என்று கையை விரித்த கட்டடக்காரர்களின் கதையை நம் ஜனங்கள் மறந்திருக்கமாட்டார்கள். அதற்காக 2016-ல் செய்த ரியல் எஸ்டேட் ஒழுங்குச் சட்டம், வீடு வாங்குகிறவர் கொடுக்கும் பணத்தில் நூற்றுக்கு எழுபது பங்கைத் தனிப் பாங்கிக் கணக்கில் போட்டு, கட்டட வேலை ஆன அளவுக்கே எடுக்க வேண்டுமென்று விதித்தது. 2018-ல் திவால் சட்டத்தையும் திருத்தி, வீடு வாங்கியவருக்குப் பாங்கிகளோடு சமமாகக் கமிட்டியில் இடம் கொடுத்தார்கள். கட்டடக்காரர்கள் வழக்காடினார்கள், 2019-ல் சுப்ரீம் கோர்ட் திருத்தம் செல்லுமென்று சொல்லிவிட்டது. கட்டாத வீட்டுக்குக் கொடுத்த பணத்துக்கும் பறக்காத விமானத்துக்குக் கொடுத்த பணத்துக்கும் தன்மையில் என்ன வித்தியாசம்? தொகை சிறிது, ஜனத்தொகை பெரிது. வேறு வித்தியாசம் நமக்குத் தெரியவில்லை.

கம்பெனிகள் சொல்லப்போகும் ஆட்சேபத்தை நாமே எடுத்துரைப்போம். முன்பணமே தங்களுக்கு நடப்பு மூலதனம், அதைத் தனிக் கணக்கில் பூட்டினால் பாங்கியிடம் வட்டிக்கு வாங்க நேரும், கட்டணம் உயரும் என்பார்கள். கொஞ்சம் உயரலாம்; அதை நாம் மறுக்கவில்லை. இன்று அந்த வட்டியை யார் கொடுக்கிறார் என்பதே கேள்வி. இடையில் விழுந்த ஒரு கம்பெனியின் பிரயாணிகள் மட்டும் முழு முதலையும் இழந்து கொடுக்கிறார்கள். அதைவிட எல்லாப் பிரயாணிகளும் டிக்கெட்டுக்குச் சில ரூபாய் வீதம் பகிர்ந்துகொள்வது எவ்வளவோ மேல். பிரயாணியின் முன்பணமில்லாமல் ஒரு வாரமும் நடத்த முடியாத கம்பெனி எதுவோ, அந்தக் கம்பெனியிலேதான் முன்பணத்துக்கு ஆபத்து அதிகம்.

மற்றொரு நன்மையும் உண்டு. இதைத் தொழிலின் நலத்தை விரும்புவோர் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். 1994-ல் தனியாருக்கு ஆகாயத்தைத் திறந்துவிட்ட பிறகு பிறந்து இறந்த கம்பெனிகளின் பட்டியல் நீளமானது. ஒவ்வொன்றும் விழும்போது, நின்றிருப்பவை மேலும் பெருத்தன. இன்று உள்நாட்டுப் பிரயாணிகளில் பத்தில் ஆறு பேருக்கு மேல் ஒரே கம்பெனியின் விமானத்தில் போகிறார்கள். புதிதாக வரும் சிறு கம்பெனியிடம் முன்கூட்டியே பணம் கட்டப் புத்திசாலி அஞ்சுகிறான்; பெரிய கம்பெனியிடமே மறுபடியும் போகிறான். பணம் பத்திரமாகத் தனிக் கணக்கில் இருக்கிறது என்று தெரிந்தால், புதிய கம்பெனியின் டிக்கெட்டும் பெரிய கம்பெனியின் டிக்கெட்டும் வாங்குகிறவர் பார்வையில் ஒன்றாகிவிடும். ஏகபோகத்தைக் குறித்து வருந்தும் மந்திரிகள் இந்த வழியையும் யோசித்துப் பார்க்கலாம்.

சட்டமும் இதற்குத் தடையாக இல்லை. ஒருவர் பிறருக்காக டிரஸ்டாக வைத்திருக்கும் சொத்து, அவர் திவாலானாலும் கடன் கொடுத்தோருக்குப் பகிரும் ஆஸ்தியில் சேராது என்று திவால் சட்டத்தின் 36-வது ஷரத்திலேயே கண்டிருக்கிறது. ஜெட் ஊழியரின் பிராவிடெண்ட் பண்டும் கிராஜுவிட்டியும் பாதுகாப்புப் பெற்றதும் அதே ஷரத்தில் அடுத்தாற்போலுள்ள வாசகத்தின் பலத்தால்தான். ஆகையால் பார்லிமெண்டு புதிய சட்டம் செய்யும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 1934-ம் வருஷத்து விமானச் சட்டத்தின் இடத்தில், வாயில் நுழையாத ஒரு வடமொழிப் பெயரோடு 2025 ஜனவரி முதல் அமுலுக்கு வந்திருக்கும் புதிய சட்டத்தில், விமானப் போக்குவரத்தின் பொருளாதார ஒழுங்கு பற்றி விதிகள் செய்யச் சர்க்காருக்கு அதிகாரம் இருக்கிறது. அந்த அதிகாரத்தைக்கொண்டு, டிக்கெட்டுக்காக வாங்கும் பணம் விமானம் போய்ச் சேரும்வரையில் பிரயாணிகளின் டிரஸ்டுப் பணமாகத் தனிப் பாங்கிக் கணக்கில் இருக்க வேண்டும், மாதந்தோறும் அதை ஆடிட்டர் பார்த்து டைரக்டர் ஜெனரலுக்கு எழுத வேண்டும், கம்பெனி நின்றுபோனால் பாங்கியே நேராகப் பிரயாணிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று விதி செய்யலாம். புதிய கம்பெனிக்கு லைசென்ஸ் கொடுக்கும் நாளிலிருந்தே இது பொருந்தட்டும். இருக்கும் கம்பெனிகளுக்கு, வீட்டுச் சட்டத்தைப் போல முதலில் ஒரு பகுதியில் தொடங்கி, இரண்டு வருஷத்தில் முழுத் தொகைக்கும் கொண்டுவரலாம்.

லோக் சபையில் தமிழ்நாட்டிலிருந்து 39 அங்கத்தினர்கள் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களில் பலர் வாரந்தோறும் டில்லிக்கு விமானத்தில்தான் போய்வருகிறார்கள். அடுத்த கூட்டத்தில் கேள்வி நேரத்தில் விமான மந்திரியை அவர்கள் இரண்டு விஷயங்கள் கேட்க வேண்டும். கோ ஃபர்ஸ்ட் நின்ற அன்று திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்த டிக்கெட்டுப் பணம் மொத்தம் எவ்வளவு? அதில் இன்றுவரை பிரயாணிகளின் கைக்குப் போய்ச் சேர்ந்தது எவ்வளவு?